ஏசியிலிருந்து வெளியே போகும் கேமராவுக்கு ஒரு ஜிப் பை

ஏசி அறையைவிட்டுக் கிளம்புமுன் கேமராவை லென்ஸோடு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடிவிடுங்கள். வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் லென்ஸ் மங்காது.

மலேசியாவின் பினாங்கில் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த கண்ணாடியில் பட்டவுடன் அது நீராகப் படிந்துவிடும். பையில் இருந்தால் அந்த நீர் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும், உள்ளே கேமரா மெதுவாகச் சூடேறும். துணியால் துடைப்பது வீண் வேலை, லென்ஸ் குளிர்ந்திருக்கும் வரை மறுபடியும் மங்கும். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் நடக்கும் கலை விழாவில், லெபு ஆர்மேனியன் (ஆர்மேனியன் தெரு) பக்கம் தெருக் கலைஞர்கள் ஆடத் தொடங்கிவிட்டால் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்! அப்புறம், மெமரி கார்டையும் பேட்டரியையும் அறையிலேயே மாட்டிவிடுங்கள், இடையில் பையைத் திறக்கக் கூடாது.

மின்விசிறி மட்டும் உள்ள அறையில் தங்கினால் இது தேவையில்லை. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பாலைவன விழாவுக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தாது. பிப்ரவரியில் அங்கே காற்று வறண்டிருக்கும், தொல்லை மணலால்தான். பையை எடுத்துப் போங்கள், ஆனால் தூசிக்காக. மணல்மேட்டில் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.