சொகுசு மின்சார செடான்: சக்கரத்தில் கோட்டை விடாதீர்கள்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் புதிய மின்சார செடானைக் காட்ட வந்தார். கதவைத் திறப்பதற்கு முன்பே என் கண் சக்கரத்துக்குப் போனது. 21 அங்குலம். நான் செய்த அதே தவறு. பிரேக் பழகுவது, திரையில் மெனு தேடுவது எல்லாம் ஒரு வாரத்தில் தானே பிடிபடும், அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பெரிய சக்கரத்துக்கு மயங்குவது

ஷோரூம் வெளிச்சத்தில் பெரிய ரிம் அழகுதான். ஆனால் 2022 லூசிட் ஏர் கிராண்ட் டூரிங்கைப் பாருங்கள். 19 அங்குலச் சக்கரத்தோடு ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம் (ரேஞ்ச்) அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் 516 மைல், ஏறத்தாழ 830 கிலோமீட்டர். அதே காரில் 21 அங்குலம் போட்டால் 469 மைல். 75 கிலோமீட்டர் போயே போச்சு. மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் பெருமையாகச் சொல்லும் 0.20 என்ற காற்றுத்தடை எண்ணும் 19 அங்குலச் சக்கரத்தில் வந்ததுதான்.

சரி, ரேஞ்சை விடுங்கள். டயரை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இந்தக் கார்களின் எடை அப்படி. பிஎம்டபிள்யூ ஐ7 2,600 கிலோவைத் தாண்டும். ரிம் பெரிதானால் ரப்பரின் பக்கச்சுவர் ஒடுங்கிவிடும். மழை இரவு ஒன்றில், தண்ணீர் மூடிய பள்ளத்தில் என் முன் இடது சக்கரம் இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கச்சுவரில் விரல் நுழையும் கிழிசல், ரிம் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. இந்த ரகக் கார்கள் பலவற்றில் இருக்காது. கூடவே கொடுத்த பசை டப்பா ஆணி ஓட்டையை அடைக்கும், பக்கச்சுவர்க் கிழிசலை அடைக்காது.

அப்புறம் இன்னொரு தவறும் செய்தேன். அசல் டயர் வர நாளாகும் என்றதும், கடையில் காட்டிய அதே அளவு சாதாரண டயரை மாட்டினேன். அளவு ஒன்றுதான், ஆனால் டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமை எண் குறைவு. அது ஆபத்து என்று பிறகுதான் உறைத்தது. இரைச்சலை உறிஞ்ச உள்ளே ஒட்டியிருக்கும் நுரைப் பஞ்சும் அதில் இல்லை. இன்ஜின் சத்தமே இல்லாத காரில் அந்த ஒற்றை டயரின் ரீங்காரம் காதைத் துளைத்தது. இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டு முன் டயர் இரண்டையும் அசலாகவே வாங்கினேன். டயரில் அச்சிட்டுள்ள சுமை எண்ணையும், கூடுதல் சுமை தாங்கும் டயர் என்று காட்டும் ஹெச்எல் (HL) குறி இருந்தால் அதையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். புதிதாக வாங்குபவர் என்றால், 19 அங்குலம் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

விளம்பரத்தின் கிலோவாட்டை நம்புவது

அது வேக சார்ஜரில் மின்சாரம் ஏறும் உச்ச அளவு மட்டும். கொஞ்ச நேரம்தான் நிற்கும், 80 சதவீதத்துக்கு மேல் நன்றாகவே குறைந்துவிடும். அன்றாடம் உதவுவது வீட்டு இணைப்பு. 100 கிலோவாட் மணி பேட்டரி 11 கிலோவாட் சார்ஜரில் ஓர் இரவில் நிரம்பும். சாதாரண பிளக்கில் இரண்டு நாளோ அதற்கு மேலோ ஆகும். காரை புக் செய்யும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தினமும் 100 சதவீதம் ஏற்றுவது

வேண்டாம். கையேடு வேறு சொல்லாதவரை 80 போதும்.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

காரை ஓட்டும் பெரிய பேட்டரி தவிர தனியாக இருக்கும் இந்தச் சிறிய பேட்டரி இறங்கினால், பெரியது நிறைந்திருந்தாலும் கார் எழாது.

பின் சீட்டில் உட்காராமல் வாங்குவது

பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்திருக்கும். முழங்கால் மேலெழும்பி, தொடை சீட்டில் படியாமல் நிற்கும். போர்ஷே டைகானில் இதற்காகவே பின் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் பேட்டரியில் பள்ளம் விட்டிருக்கிறார்கள். வீட்டில் உயரமானவரை அழைத்துப் போய், அரை மணி நேரம் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள்.