டிராக்குக்குக் கிளம்புமுன் பிரேக் ஆயில்

பெங்களூரிலிருந்து சொந்தக் காரிலேயே சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்குக்குப் போய், அதே காரில் வீடு திரும்பப் போகிறீர்களா? இன்ஜினை விடுங்கள், முதலில் பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியது 155-ஐ ஒட்டியே கொதித்துவிடலாம். கொதித்தால் குமிழி கட்டும், பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொடும், வண்டி நிற்காது. புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

சூட்டில் ஏறிய டயர் காற்றை டிராக்கில் இறக்கியிருந்தால், ஆறியபின் பழைய அளவுக்கு நிரப்பாமல் நெடுஞ்சாலை ஏறவே கூடாது.