பீட்டில்ஸைத் தோக்கடிக்கிறது அவ்வளவு ஈஸி இல்ல: ஆல்டர்நேட் ஹிஸ்டரி எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க குமுளிப் பக்கம் ஆல்டர்நேட் ஹிஸ்டரின்னா என்னன்னு யாருக்கும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்ல. எந்த டீக்கடையில உக்காந்தாலும், 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோட சேந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒரு பெருசு ஆரம்பிப்பாரு, அப்ப செங்கோட்டையும் நாகர்கோவிலும் கேரளாவுலயே கெடந்திருக்கும்யான்னு எதுத்தாப்புல இன்னொருத்தரு மடக்குவாரு, டீ ஆறிப்போகும். அந்தப் பேச்சைக் கேட்டு வளந்த பிள்ளைகதான் இப்ப கதை எழுத வந்திருக்கு, அதுல நெறைய பேரு கை வைக்கிறது 1960-கள்ல உலகத்தையே ஆட்டிவச்ச இங்கிலாந்து பாட்டுக்குழு பீட்டில்ஸ் மேல. "பீட்டில்ஸ் ஜெயிக்காமப் போயிருந்தா?" நல்ல கேள்விதான். ஆனா நானும் என் செட்டு ஆளுகளும் அந்தக் காலத்துல விழுந்த அதே குழியில வரிசையா வந்து விழுகுறாய்ங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

பேரு தப்பு, எழுத்துப் பிழை எல்லாம் சொல்லப் போறதில்ல. அதை நீங்களே பாத்துக்குவீங்க.

டெக்கா வேணாம்னு சொன்னதுல இருந்து ஆரம்பிக்கிறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வரவைக்கிற தப்பு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

1962 ஜனவரி 1, லண்டன், டெக்காங்கிற ரெக்கார்டு கம்பெனியோட ஸ்டுடியோ. முந்தின நாள் லிவர்பூல்ல இருந்து வேன்ல கெளம்பி, பனியில வழி தெரியாம அலைஞ்சு வந்து சேந்த நாலு பேரு, ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், டிரம்ஸுக்கு பீட் பெஸ்ட், சான்ஸு கேட்டு 15 பாட்டு பாடுறாய்ங்க. டெக்கா வேணாம்னு சொல்லிட்டு, லண்டன் பக்கத்துல இருந்த பிரையன் பூல் அண்ட் த ட்ரெமலோஸ்ங்கிற குழுவை எடுத்துக்கிச்சு. என் கைக்கு வர்ற கதைகள்ல முக்காவாசி இந்த சீன்லதான் ஆரம்பிக்கும், டெக்கா கதவைச் சாத்தும், நாலு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஊருக்குத் திரும்புவாய்ங்க, அடுத்த பாராவுல இருபது வருஷம் ஓடிப்போயிருக்கும்.

தம்பி, அது நெசமாவே நடந்ததுய்யா. நெசத்துலயும் டெக்கா வேணாம்னுதான் சொல்லுச்சு. அப்புறமும் அவய்ங்க ஜெயிச்சாய்ங்க. நீ மாத்துனது என்ன?

வண்டிப்பெரியாறு எஸ்டேட் பக்கத்துல இருந்து ஒரு பையன் நாவலே எழுதிக் கொண்டாந்தான். ரூல் போட்ட நோட்டுல ரெண்டு பக்கமும் நீல மையி, டெக்கா சீன் மட்டும் செவப்பு மையில எழுதி கட்டம் கட்டியிருந்தான். நான் மேல இருக்கறதைச் சொன்னதும், "அண்ணே, நெசத்துல மரியாதையா வேணாம்னாங்க, என் கதையில டெக்கா ஆளு அசிங்கமாத் திட்டித் தொரத்துறாருல்ல, அதுதாண்ணே வித்தியாசம்"னான். என்னத்த சொல்ல. ஒரு மழைக்காலம் முழுக்க உக்காந்து எழுதுன நோட்டு, மொத சீன்லயே அஸ்திவாரம் இல்ல. அதை ஒரு போட்டிக்கும் அனுப்பியிருக்கான், யாரோ ஓரத்துல பென்சில்ல "இது நடந்ததுதானே?"ன்னு ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிட்டாய்ங்க. திட்டுறதுக்குக் கூட ஒண்ணுமில்லாத வரி.

டெக்கா இல்லைன்னதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் அந்த டேப்பை எடுத்துக்கிட்டு ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல இருந்த ஹெச்எம்வி கடைக்குப் போறாரு, டேப்பை டிஸ்க்கா வெட்டுறதுக்கு. வெட்டிக் குடுத்த ஆளு பாட்டைக் கேட்டுட்டு, இதுல சிலது இவய்ங்களே எழுதுனதான்னு கேட்டு, அதே கட்டடத்து மாடியில இருந்த, இஎம்ஐங்கிற இன்னொரு ரெக்கார்டு கம்பெனியோட பாட்டுப் பதிப்பு ஆபீஸுக்கு அனுப்புறாரு. அங்கேருந்துதான் வழி ஜார்ஜ் மார்ட்டின்கிட்ட போகுது. அவரு இஎம்ஐயோட பார்லஃபோன் பிரிவுல காமெடி ரெக்கார்டு போட்டுக்கிட்டு இருந்த மனுசன். ஜூன் 6-ஆம் தேதி மொத ரெக்கார்டிங். டிரம்ஸ் அவருக்குப் புடிக்கல. ஆகஸ்ட் 16-ல பீட் பெஸ்ட்டை அனுப்பிட்டு ரிங்கோ ஸ்டாரைக் கூட்டியாந்தாய்ங்க. அக்டோபர் 5-ல மொத ரெக்கார்டு லவ் மீ டூ வெளியாச்சு, அங்கத்திய விற்பனைப் பட்டியல்ல 17-ஆவது எடம் வரைக்கும் போச்சு.

கம்பம்மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சா பஸ்ஸு ஊருக்கு வராமப் போயிருமா, குமுளி வழியா சுத்திக்கிட்டு வந்துரும்ல? டெக்கா அந்த மாதிரி அடைபட்ட ஒரு ரோடுதான். பேண்டு நெசமாவே தோக்கணும்னா சுத்து ரோட்டையும் அடைக்கணும். எப்ஸ்டீன் அன்னிக்கு அந்தக் கடைக்குப் போகாம நேரா ரயிலேறி லிவர்பூலுக்குத் திரும்பிட்டாருன்னு எழுதுங்க, அப்ப அது மாத்தம். டிஸ்க் வெட்டுறவரு அன்னிக்கு லீவுன்னு எழுதுங்க, அதுவும் மாத்தம். சின்ன விஷயமா இருக்க இருக்க கதை நம்புற மாதிரி வரும்.

இன்னும் ருசியானது ஒண்ணு இருக்கு, அதை ஏன் யாரும் எழுத மாட்டேங்குறாய்ங்கன்னு எனக்குப் புரியல. டெக்கா சரின்னு சொல்லியிருந்தா? அப்ப ஜார்ஜ் மார்ட்டின் கெடையாது. டிரம்ஸை மாத்தச் சொல்ல ஆளு இல்ல. என்ன பாட்டுப் பாடணும்னு டெக்கா முடிவு பண்ணும். அந்த 15 பாட்டுல லெனன், மெக்கார்ட்னி எழுதுனது மூணுதான், மத்ததெல்லாம் அடுத்தவன் பாட்டு. ஒரு சிங்கிள் (சின்ன ரெக்கார்டு), ரெண்டு சிங்கிள், சுமாரா ஓடும், 1964-ல காண்ட்ராக்ட் முடியும், அம்புட்டுத்தான். செலக்ட் ஆனதால தோத்த பேண்டு. என்னைக் கேட்டா பீட்டில்ஸைத் தோக்கடிக்க இதைவிட நல்ல எடம் கெடையாது.

இல்ல, இன்னும் பின்னாடி போகணும்னா நேஷனல் சர்வீஸ் இருக்கு. பிரிட்டன்ல வாலிபப் பயலுக ரெண்டு வருஷம் கட்டாயமா பட்டாளத்துக்குப் போகணும்னு இருந்துச்சு. 1939 அக்டோபர் 1-க்கு முன்னாடி பொறந்தவங்களோட அதை நிறுத்திட்டாங்க. ஜான் பொறந்தது 1940 அக்டோபர் 9, ரிங்கோ அதே வருஷம் ஜூலை 7. கொஞ்சத்துல தப்பிச்சவய்ங்க. அந்தச் சட்டத்தை அரசாங்கம் இன்னும் நாலஞ்சு வருஷம் இழுத்திருந்தா 1960 ஆகஸ்ட்ல ஜெர்மனியில ஹாம்பர்க்குக்கு வாசிக்கப் போக வேண்டிய நேரத்துல ஜான் எங்கயோ கிராப்பு வெட்டிக்கிட்டு பரேடுல நின்னிருப்பாரு. பாட்டுக்கும் பாட்டுக்காரனுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பார்லிமெண்ட் முடிவு, அதுல மொத்தமும் போச்சு.

தோத்த மறுநாளே டீக்கடை வைக்கிறது

ஜானை டீ ஆத்த விடுறது, பால் மெக்கார்ட்னியை டாக்ஸி ஓட்ட விடுறது. வேற தொழிலே இல்லையாப்பா அந்த ஊருல? தேட வேண்டியதே இல்ல, அவய்ங்க பாத்த வேலையே பதிவாகியிருக்கு. பால் 1961-ல ஒரு கம்பெனியில காயில் சுத்துற வேலை பாத்தாரு, மதியம் லிவர்பூல் கேவர்ன் கிளப்புல வாசிக்கிறதுக்காக விட்டுட்டாரு. ஜார்ஜ் ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல எலெக்ட்ரீசியனுக்கு எடுபிடி. அந்த வேலையிலயே இருந்திருந்தா என்னன்னு யோசிங்க.

தோத்தவன் மனசு எப்படி இருக்கும்னு தெரியணும்னா நெசமாவே ஒருத்தர் இருக்காரு, பீட் பெஸ்ட். வெளிய வந்தப்புறம் வேற பேண்டு வச்சுப் பாத்தாரு, நடக்கல, ரொட்டி ஏத்துற வேலை பாத்தாரு, அப்புறம் வேலைவாய்ப்பு ஆபீஸ்ல அரசாங்க உத்தியோகம், வருஷக்கணக்கா. 1995-ல பழைய ரெக்கார்டிங்கெல்லாம் வெளிவந்தப்பதான் அவரு வாசிச்சதுக்கும் சேத்துப் பணம் வந்துச்சு. அடுத்தவனுக்கு வேலை தேடிக் குடுக்குற மேஜைக்குப் பின்னாடி உக்காந்திருந்த மனுசன். இதை வச்சுக்கிட்டு டீக்கடை எதுக்கு?

கேசட்

1963-ல தான் வந்துச்சு. உங்க எப்ஸ்டீன் 1962-ல அதைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுத் திரியக் கூடாது.

காசு

1971 பிப்ரவரி 15 வரைக்கும் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கணக்கு வரலைன்னா கடனா வாங்க விடுங்க.

மத்த உலகத்தை அப்படியே விடுறது

பீட்டில்ஸ் இல்ல, ஆனா அதே காலத்து இன்னொரு பேண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் இருக்காய்ங்க, எல்லாரும் நீளமா முடி வளத்திருக்காய்ங்க, சிதார் ரவிசங்கர் அமெரிக்காவுல ஸ்டேடியம் நெறைக்கிறாரு. எப்படிப்பா?

பீட்டில்ஸை விட்ட டெக்கா ஆளு டிக் ரோ, 1963-ல ஜார்ஜ் ஹாரிசன் சொல்லித்தான் ஸ்டோன்ஸைத் தேடிப் போயி கையெழுத்து வாங்குனாரு. ஸ்டோன்ஸோட ரெண்டாவது சிங்கிளே லெனன், மெக்கார்ட்னி எழுதிக் குடுத்தது. ஒண்ணை உருவுனா பக்கத்துல இருக்கறதும் சேந்து வரும். ஜார்ஜ் 1966-ல ரவிசங்கரைப் பாக்கலைன்னா 1971 ஆகஸ்ட் 1-ல நியூயார்க்ல பங்களாதேஷுக்காக நடந்த கச்சேரி அந்த மாதிரி நடந்திருக்காது. ரவிசங்கர் அப்பவும் பெரிய வித்வான்தான், அதை மறந்துட்டு அவரையும் சேத்து அனாமத்தா ஆக்கிராதீங்க, இதுவும் பாத்திருக்கேன்.

ஜானைக் கொல்லுறது

வேணாம். சோம்பேறித்தனம்.

அப்படியே நம்ம ஊருக்கு மாத்துறது

பண்ணைப்புரம் இங்கேருந்து எறங்குனா கிட்டத்துலதான். அதனால "இளையராஜா மெட்ராஸுக்கே போகலைன்னா"ன்னு எழுதுறவய்ங்க இப்ப கூடியிருக்காய்ங்க. எழுதுங்க, ஆனா போகாதவரு சும்மா வீட்டுல உக்காந்திருந்த மாதிரி எழுதாதீங்க. அண்ணன் பாவலர் வரதராசன் குழு கம்யூனிஸ்ட் மேடை மேடையாப் பாடுன குழு, 1958-ல தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு இந்த மலைக்கே வந்து பாடுனவங்க. சினிமா இல்லைன்னாலும் அந்த ஆர்மோனியம் நின்னிருக்காது. 1976-ல பஞ்சு அருணாசலம் வாய்ப்புக் குடுக்கலைன்னா அடுத்து எந்த ஜீப்புல எந்த எஸ்டேட் கூட்டத்துக்குப் போயிருப்பாங்கன்னு யோசிச்சா கதை அங்க இருக்கு. வண்டிப்பெரியாறு பையன்கிட்டயும் இதைத்தான் சொன்னேன், அவன் செவப்பு மையை விடுறதா இல்ல.

பாட்டு வரி

முழுசா எடுத்துப் போடாதீங்க, காப்பிரைட் ஒரு பக்கம். அதைவிட, தோத்த பேண்டு 1965-லயும் 67-லயும் வந்த பாட்டையெல்லாம் எழுதியிருக்கவே முடியாது, ஸ்டுடியோவுல மாசக்கணக்குல உக்காந்து டேப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பாக்குறதுக்கு யாரு காசு குடுத்திருப்பா? லவ் மீ டூ சின்னப் பயலுகளா இருக்கும்போதே எழுதுனது, அது இருக்கலாம். அதையும் 1980-ல கல்யாண வீட்டுல பாடுறாருன்னா பாதி வரி மறந்திருக்கட்டும்.