கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

பல்லடம், உடுமலை வட்டாரத்தில் 1990-களில் பரவிய ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட், தண்ணீர், கரண்ட், ஆள்கூலி, செத்த கோழி, எரு எல்லாம் பண்ணையாளர் பொறுப்பு. கறி மலிவாகக் கிடைப்பதற்கு இந்த இரண்டாவது பட்டியலும் ஒரு பெரிய காரணம். அதில் உள்ள பல செலவுகள் யாருடைய பில்லிலும் ஏறுவதில்லை, பண்ணையாளர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

5,000 குஞ்சு விடும் ஷெட்டை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளி ஷெட்டில் கோழி ஒன்றுக்கு 1.2 சதுர அடி வேண்டும், ஆக 6,000 சதுர அடி. 100-க்கு 5 சாவு போனால் 4,750 மிஞ்சும். சராசரி 2.1 கிலோ என்றால் மொத்தம் 9,975 கிலோ. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு 6.50 ரூபாய் என்று வைத்தால், ஒரு பேட்சுக்குக் கைக்கு வருவது சுமார் 64,800 ரூபாய். பார்க்க நல்ல தொகைதான்.

இப்போது செலவு. ஷெட் கட்டச் சதுர அடிக்கு 250 ரூபாய் ஆனால் 15 லட்சம். 15 ஆண்டு உழைக்கும் என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 1 லட்சம். 10 சதவீத வட்டியில் கடன் வாங்கியிருந்தால் முதலாண்டு வட்டி மட்டும் 1.5 லட்சம். இந்த 2.5 லட்சத்தை ஆண்டுக்கு எத்தனை பேட்ச் என்பதால் வகுக்க வேண்டும். 6 பேட்ச் கிடைத்தால் பேட்சுக்கு 41,700, ஐந்தே கிடைத்தால் 50,000. வளர்ப்பு 42 நாள், கழுவிக் காயவிட 15 நாள் என்றால் ஆறு தாராளமாக வரும். ஆனால் கறி விலை விழுந்த காலத்தில் கம்பெனி குஞ்சு விடுவதைத் தள்ளிப்போடும், ஷெட் சும்மா கிடக்கும், வங்கி வட்டி நிற்காது. எனவே கணக்கை எப்போதும் 5 பேட்சுக்கே போடுங்கள். 'இத்தனை நாளுக்குள் அடுத்த குஞ்சு வராவிட்டால் நாளுக்கு இவ்வளவு' என்ற வரியை ஒப்பந்தத்தில் கேளுங்கள். எளிதில் தரமாட்டார்கள், ஆனாலும் கேட்க வேண்டிய முதல் வரி அதுதான்.

ஒரு ஆள் முழுநேரம், இன்னொருவர் அரைநாள், 45 நாள். தினக்கூலி 400 என்றால் 27,000. வீட்டு ஆளே செய்தாலும் இதை எழுதியே ஆக வேண்டும். மனைவியின் உழைப்பைச் சைபர் என்று போடுவதால்தான் பல பண்ணைகள் லாபத்தில் ஓடுவது போலத் தெரிகின்றன. ஆறு பேட்ச் கணக்கிலேயே 64,800-இல் 41,700-ஐயும் 27,000-ஐயும் கழித்தால் 3,900 துண்டு விழுகிறது. தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, முதல் வாரச் சூட்டுக்கான கரி அல்லது கேஸ், கரண்ட் இன்னும் சேரவில்லை. எரு விற்ற காசு இந்தப் பள்ளத்தை எவ்வளவு நிரப்பும் என்று உங்கள் ஊர் விலையை வைத்துப் பாருங்கள். மேலே உள்ள எல்லாத் தொகையும் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியவை.

அடுத்தது எஃப்சிஆர், அதாவது தீவன மாற்று விகிதம். தின்ற தீவனத்தை விற்ற எடையால் வகுத்தால் வருவது. இந்த எண் ஏறினால் கூலி குறையும், இறங்கினால் கூடும், அதனால் இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். 9,975 கிலோவுக்கு எஃப்சிஆர் 1.6 என்றால் 15,960 கிலோ தீவனம், 50 கிலோ மூட்டையில் சுமார் 319. மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தாலே 160 கிலோ உங்கள் தலையில் ஏறும். ஒவ்வொரு லோடிலும் பத்து மூட்டையாவது எடை போட்டு, டிரைவர் கையெழுத்தோடு எழுதி வையுங்கள்.

சாவிலும் நாள் முக்கியம். முதல் வாரத்தில் 100 குஞ்சு செத்தால் தின்றிருப்பது 15 கிலோ அளவுதான். 35-ஆம் நாள் 100 கோழி செத்தால் இரண்டரைக் குவிண்டால் தீவனம் எடையாக மாறாமல் போகும். மே மாத வெயிலில் நடப்பது இதுதான். காலை 10 மணி முதல் மாலை 4 வரை தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, ஃபாகரையும் (தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் குழாய்) ஓட விடுங்கள். குஞ்சு வந்து இறங்கும்போதே பெட்டி பெட்டியாக எண்ணி, சில குஞ்சுகளை நிறுத்துப் பாருங்கள். 40 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 35-க்குக் கீழே இருந்தால் சூப்பர்வைசர் எதிரிலேயே பதிவு செய்யுங்கள், பின்னால் வரும் சாவு உங்கள் பராமரிப்புக் குறை என்று எழுதப்படாமல் இருக்கும்.

லிஃப்டிங், அதாவது வளர்ந்த கோழியைக் கம்பெனி எடுத்துப்போவது, தள்ளிப்போவது பலர் கவனிக்காத நஷ்டம். 42 நாளுக்கு மேல் கோழி ஒன்று நாளுக்கு 180 கிராம் தின்று 85 கிராம்தான் ஏறும் என்றால், நான்கே நாளில் எஃப்சிஆர் 1.60 என்பது 1.67 ஆகிவிடும். வண்டி தாமதமும் அப்படித்தான். வண்டி ஏற்றுவதற்காகத் தீவனத் தட்டைத் தூக்கியபின் எடை மணிக்கு மணி இறங்கும். 2 சதவீதம் இறங்கினாலே 200 கிலோ போய்விடும், எஃப்சிஆர் 1.63-ஐத் தொடும். வண்டி கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகே தட்டைத் தூக்குங்கள்.

தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கோழி தீவனத்தைப் போல இரு மடங்கு குடிக்கும். பேட்சுக்கு 32,000 லிட்டர், கோடையில் இன்னும் கூடும், கழுவுவதற்கும் ஃபாகருக்கும் தனி. போர் வற்றினால் லாரித் தண்ணீர் உங்கள் செலவு.

ஈரமான தரை அம்மோனியாவைக் கிளப்பும். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் கோழிக்கும் உங்களுக்கும் நுரையீரல் கெடும் அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். நார்க்கழிவை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், உடனே கிளறிவிட்டு ஒழுகும் நிப்பிளை (கோழி தண்ணீர் குடிக்கும் முனை) மாற்றுங்கள். அவசரப்பட்டுச் சுண்ணாம்பு தூவினால் நெடி முதலில் கூடவே செய்யும்.

மருந்துப் பாட்டிலின் பெயர், பேட்ச் எண், கொடுத்த நாள், நிறுத்திய நாள் நான்கையும் எழுதுங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-இல் தடை விதித்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. பெயர் ஒட்டாத பாட்டிலை வாங்காதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமி முதலில் தொற்றக்கூடியது ஷெட்டில் வேலை செய்பவரையும் அவர் வீட்டுப் பிள்ளைகளையும்தான்.

5,000 கோழியும் அதற்கு மேலும் வளர்க்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். வீடு, நீர்நிலை, சாலையிலிருந்து விட வேண்டிய தூரத்தை அஸ்திவாரத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செத்த கோழிக்கான குழி கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் தள்ளி, நாய் தோண்டாதபடி மூடியோடு இருக்க வேண்டும்.

கடைசியாகக் காகிதம். ஒப்பந்தம் தமிழில், இரு பிரதியாக, ஒன்று உங்கள் கையில். தொகை எழுதாத செக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் செக் எண்ணையும் அதிகபட்சத் தொகையையும் எதற்காக என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி, செக்கின் நகலில் அவர்கள் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.