வுட்டர்னிங் க்ளப்ல தீம் சேலஞ்ச் வச்சு கை பழகறது எப்படி

மரம் கடையறதை ஹாபியா பண்றவங்க நிறைய பேர் ஒரே பொருள்ல நின்னுடறாங்க. பவுல் நல்லா வருதுன்னா வருஷம் பூரா பவுல், பேனா வருதுன்னா பேனா. இதை உடைக்க அமெரிக்காவுல க்ளப்காரங்க பண்றதுதான் தீம் சேலஞ்ச், அடுத்த மீட்டிங்குக்கு எல்லாரும் ஒரே தலைப்புல ஒண்ணு கடைஞ்சு எடுத்துட்டு வரணும். 1986ல ஆரம்பிச்ச அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் வுட்டர்னர்ஸ்ல சேர்ந்த லோக்கல் க்ளப்புங்க நூத்துக்கணக்குல இருக்கு, பல இடத்துல இதுக்கு பிரசிடெண்ட்ஸ் சேலஞ்ச்னு பேரு. லேத் (கட்டையை சுத்தவிட்டு கடையற மெஷின்) வச்சிருக்கற நாலஞ்சு பேர் சேர்ந்தாலே போதும், நீங்களும் ஆரம்பிக்கலாம்.

தீம் எடுக்கும்போது பேரைப் பாக்காதீங்க, அதுக்குள்ள என்ன வித்தை இருக்குன்னு பாருங்க. "பறவை", "இலையுதிர் காலம்"னு வச்சா கேக்க நல்லாருக்கும், ஆனா அவங்கவங்க தெரிஞ்சதையே கடைஞ்சு மேல கலர் அடிச்சு கொண்டு வந்துடுவாங்க. அதுக்கு பதிலா முதல் மாசம் பம்பரம் வைங்க. சின்ன கட்டை போதும், ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும், ஸ்கூ உளியை, அதாவது முனை சாய்வா இருக்கற உளியை, பிடிச்சே ஆகணும், பெரிய விட்டத்துல இருந்து சின்ன விட்டத்துக்கு இறக்கமாவே வெட்டணும்ங்கறது கைக்கு தானா ஏறும், ஆணி நடு சென்டர்ல இல்லைன்னா சுத்தவிட்ட உடனே ஆடி காட்டிக்கொடுத்துடும், யாரும் மார்க் போடவே வேண்டாம்.

அடுத்தது ஜோடி. ரெண்டு மெழுகுவத்தி ஸ்டாண்ட், இல்ல ரெண்டு முட்டை கப், எதுவா இருந்தாலும் ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கணும். முதல்ல கடைஞ்சதை வச்சு ஒரு அட்டையில எங்க மேடு எங்க பள்ளம்னு கோடு போட்டுக்கோங்க, ஒவ்வொரு கோட்டுக்கும் விட்டம் அளக்கற காலிப்பர் வச்சு அளவு எழுதுங்க, ரெண்டாவது கட்டையில அந்த இடங்களை மட்டும் அளவுக்கு இறக்கிட்டு அப்புறம் நடுவுல வடிவம் குடுங்க. நம்ம அம்பாசமுத்திரத்துல சொப்பு சாமான் கடையறவங்களைப் பாத்தா தெரியும், ஒரே வடிவத்தை திரும்பத் திரும்ப எடுக்கறதுலதான் அந்த கை வேகமே இருக்கு.

மூடி போட்ட டப்பா கொஞ்சம் பழகினவங்களுக்கு. உள்ள ரஃபா குடைஞ்சு சில நாள் அப்படியே விட்டுடுங்க, குடைஞ்ச மரம் லேசா கோணும், அது கோணி முடிச்ச பிறகு மூடி ஃபிட்டிங் பாத்தாதான் நிக்கும். பச்சை மரத்துல பவுல் வைக்கறதா இருந்தா இன்னும் பொறுமை வேணும், சுவரை விட்டத்துல பத்துல ஒரு பங்கு கனமா விட்டு, 10 இஞ்ச் பவுலுக்கு 1 இஞ்ச், மாசக்கணக்குல காயவிட்டு மறுபடி லேத்ல ஏத்தணும், அதனால ஒரே தீமை ரெண்டா பிரிச்சு வருஷ ஆரம்பத்துல ரஃப், கடைசியில ஃபினிஷ்னு அறிவிங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது கட்டுப்பாடு வைக்கற சேலஞ்ச்தான். எல்லாருக்கும் ஒரே ஒரு டூ பை ஃபோர் துண்டு, பேருக்கு 2க்கு 4 இஞ்ச் சட்டம், நிஜ அளவு 1.5க்கு 3.5 இஞ்ச், விலை கம்மியான பைன் மரம். மழுங்கின உளி வச்சா நார் பிச்சுக்கும், அதனால சாணை பிடிக்கவே இந்த சேலஞ்ச் கத்துக்குடுத்துடும். இன்னொரு மாசம் உப்புத்தாளே தொடக்கூடாதுன்னு வைங்க, உளி விட்ட தடம் அப்படியே மேஜைக்கு வரட்டும்.

பெருசா பண்றவங்களுக்கு கைதட்டுன்னு மட்டும் ஆக்கிடாதீங்க, புதுசா வர்றவங்க ஆபத்துல போய் நிப்பாங்க. விட்டத்தை இஞ்ச்ல எடுத்து ஆர்பிஎம்மோட (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) பெருக்கினா 6000ல இருந்து 9000க்குள்ள இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, 10 இஞ்ச் பவுலுக்கு 600 முதல் 900, கட்டை சமமா இல்லைன்னா அதுக்கும் கீழதான். முகம் முழுக்க மறைக்கற ஷீல்டு கட்டாயம், கையுறை தொங்கற சட்டைக்கை ரெண்டும் கூடாது.

மீட்டிங்ல பொருளை அடுக்கி வச்சு போட்டோ எடுத்தா மட்டும் பத்தாது. ஒவ்வொருத்தரும் எந்த உளி எடுத்தேன், எங்க சிக்குச்சு, லேத்ல கட்டையைக் கவ்விப் பிடிக்கற சக்குல எப்படி பிடிச்சேன்னு சொல்லணும், ஒரே வேலையை பத்து பேர் பத்து விதமா பிடிச்சிருக்கறதை அங்கதான் பாப்பீங்க. உடைஞ்சதையும் பாதியில நின்னதையும் கண்டிப்பா கொண்டு வரச் சொல்லுங்க, அதுல பாடம் அதிகம். பரிசு குடுக்கறதா இருந்தா கலந்துகிட்ட எல்லார் பேரையும் போட்டு குலுக்கல் எடுங்க.

கடைஞ்சது வீட்ல குவியுதுன்னு கவலையா இருந்தா ஒரு மாசத்தை தானத்துக்கு ஒதுக்குங்க. அமெரிக்காவுல பீட்ஸ் ஆஃப் கரேஜ்னு ஒரு அமைப்பு, கடுமையான நோய்ல இருக்கற குழந்தைங்களுக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பாசிமணி குடுக்கறாங்க, அந்த மணிகளைப் போட்டு வைக்க பல க்ளப்புங்க மூடி டப்பா கடைஞ்சு அனுப்புது. சின்ன கை ஈஸியா திறக்கணும்ங்கறதால மூடி இறுக்கமா இருக்கக்கூடாது, அந்த லூஸ் ஃபிட்டை அழகா கொண்டு வர்றதே தனி வேலை.