மஞ்சத்தூள் டப்பாவில் சேர்ந்த காசு: சிக்கனக்காரர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் எங்கள் வீட்டில் சம்பளப் பணம் வரும். அம்மாவுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்டு முடித்து வந்து முகம் கழுவியதும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து காசைப் பிரிப்பார். வாடகைக்கு, மளிகைக்கு, பால்காரருக்கு என்று தனித்தனியாக மடித்து வைத்தபிறகு மிஞ்சும் நோட்டுகள் மஞ்சத்தூள் டப்பாவுக்குள் போகும். எங்கள் வீட்டு நோட்டுகளில் எப்போதும் மஞ்சள் வாசம் அடிக்கும்.

அந்த டப்பாவிலிருந்து வாரம் 250 ரூபாய் தீபாவளிச் சீட்டுக்கு. 45 வாரம் கட்டியிருந்தார். புரட்டாசியில் ஒருநாள் சீட்டு நடத்திய அக்கா வீட்டில் பூட்டு தொங்கியது. போனது 11,250 ரூபாய். “பத்து வருசமா ஒரே வீதியில இருக்கறோம், நெனச்சே பாக்கலியே கண்ணு” என்று மட்டும் சொன்னார். வெளியில் ஒரு டீ குடிக்காமல் சேர்த்த காசு அது.

கொங்கு நாட்டில் சிக்கனத்தை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை குறைந்த மண், தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர்கள். காசின் அருமை பிறவியிலேயே தெரியும். நாம் தவறுவது சேர்ப்பதில் இல்லை. சேர்த்ததை எங்கே வைக்கிறோம், யாரை நம்பிக் கொடுக்கிறோம் என்பதில்தான்.

சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் பதிவு செய்யவேண்டும், நடத்துபவர் பிணைத்தொகை கட்டவேண்டும், 2019-இல் வந்த திருத்தத்தின்படி அவருடைய கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கட்டுகிறவர் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: “இந்தச் சீட்டோட பதிவு நம்பர் என்னங்க?” தெரிந்தவரிடம் இதைக் கேட்க நமக்கு நா எழுவதில்லை. தக்காளிக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் நிற்கிறோம், பதினோராயிரம் ரூபாயை ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறோம்.

இதே கூச்சம் பெரிய தொகையில் என்ன செய்யும் என்பதற்கு ஈமு கோழி சாட்சி. பெருந்துறைப் பக்கம் ஈமுப் பண்ணைகள் 2012-இல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது எங்கள் பெரியப்பாவும் மாட்டிக்கொண்டார். தோட்டத்து மஞ்சள் விற்ற காசு, ஒன்றரை லட்சம். மாதம் 6,000 தருவதாகப் பேச்சு. அந்த 6,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 72,000. போட்ட பணத்துக்கு 48 சதவீதம். ஈமுக் கறியை நம் ஊரில் யார் வாங்கித் தின்றார்கள்? கோழியிலிருந்து வருமானம் இல்லாதபோது முதலில் வந்தவருக்குக் கொடுக்கும் காசு பின்னால் வருகிறவர் கட்டியதாகத்தான் இருக்கமுடியும். பெரியப்பா மஞ்சள் மண்டியில் குவிண்டாலுக்கு நூறு ரூபாய் ஏறுமா என்று மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியவர். அவரே இந்தப் பெருக்கலைப் போடவில்லை, ஏனென்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மூன்று மாதம் பணம் ஒழுங்காக வந்திருந்தது. யாராவது வருமானம் சொன்னால் அதை வருட சதவீதமாக்கிப் பாருங்கள். வங்கி கொடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு என்றால், அந்தப் பணம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

வட்டியிலும் இதே கதை. “மூணு பைசா வட்டிதானுங்க” என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது. ரூபாய்க்கு மாதம் மூன்று பைசா என்பது வருடத்துக்கு 36 சதவீதம். வாரக் கடன் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்டவேண்டும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 150 சதவீதத்துக்கு மேலே போகிறது. ஒரு கையில் தபால் நிலையத்தில் மாதாமாதம் ஆர்.டி. சேமிப்பு கட்டிக்கொண்டு மறு கையில் இந்தக் கடனையும் கட்டுகிற வீடுகள் எங்கள் லைன் வீட்டிலேயே மூன்று உண்டு. ஆர்.டி.க்கு 6.7 சதவீதம்தான். முதலில் கடனை அடைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய சேமிப்பு.

மிச்சமான காசுக்கு ஓர் இடம் சொல்லாமல் விடுவதும் தவறுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கு ஒரு நாளுக்கு 20 ரூபாய் மிச்சம், மாதத்தில் 520. ஒரு வருடம் கழித்து அது எங்கே என்று தேடினோம், எங்கேயும் இல்லை. பிறகுதான் அந்த 520-ஐ ஆர்.டி.யாகத் திருப்பினோம். நகை பற்றி ஒரு வார்த்தை: போட்டுக்கொள்ள வாங்குங்கள், அது சந்தோஷம். சேமிப்பு என்று நினைத்து வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் கடையிலேயே தங்கிவிடும். உடம்பு விஷயத்தில் சிக்கனம் பார்த்து வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

தன்னம்பிக்கைப் பேச்சுகளைக் கேட்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் கேட்பேன். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறோம். கோவையின் ஜி.டி. நாயுடு ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கியதை எல்லோரும் சொல்கிறோம். வாங்கியதும் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம்: வண்டியைப் பிரித்துப் போட்டு, எது எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். சேர்த்த காசு அவரிடம் தொழிலாக மாறியது. பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்த பிள்ளை ஓவர்லாக் தையல் மெஷின் பழகினால் சம்பளமே வேறு. பழகுகிற மாதங்களில் குறையும் கூலியை நஷ்டம் என்று எண்ணித்தான் பலர் கைமடியாகவே நின்றுவிடுகிறார்கள்.

எனக்கு மனசு ஆறாத தவறு பி.எஃப். தொழிலாளி கட்டுவது 12 சதவீதம், கம்பெனியும் அதே அளவு கட்டுகிறது, அதில் ஒரு பங்கு ஓய்வூதியத்துக்குப் போகிறது. மொத்தம் பத்து வருடம் பணிக்காலம் இருந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன். ஒரே கம்பெனியில் பத்து வருடம் இருக்கவேண்டியதில்லை, கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். ஒன்றாக இருந்து பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றினால் போதும். எங்கள் ஊரில் கம்பெனி மாறும்போதெல்லாம் ஃபார்ம் 10சி போட்டு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த நிமிஷமே அதுவரை உழைத்த வருடங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும்.

அம்மா 19 வருடம் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறார். மூன்று தடவை எடுத்தார்: ஒருதடவை என் காலேஜ் ஃபீஸுக்கு, ஒருதடவை கூரை மாற்ற, ஒருதடவை அந்தச் சீட்டுக் காசு போன வருஷம் தீபாவளிக்கு. போன மாதம் போனில் கணக்கைத் திறந்து பார்த்தோம். பணிக்காலம் ஆறு வருடம் என்று காட்டியது. அம்மாவுக்கு இப்போது 52.

“இன்னும் நாலு வருசந்தானே, ஓட்டீரலாம் கண்ணு” என்று சொல்லிவிட்டு மஞ்சத்தூள் டப்பாவை எடுத்தார். அன்றைக்குச் சனிக்கிழமை.