தோற்கவே தெரியாத சோதனைகள்: செட் கருவியை ஷெல் ஸ்கிரிப்ட் கொண்டு சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட் என்னும் உரைத்திருத்தியை 1973–74 காலத்தில் பெல் ஆய்வகத்தில் லீ மெக்மஹன் எழுதினார். உள்ளீட்டை வரி வரியாகப் படித்து, சொன்ன மாற்றத்தைச் செய்து வெளியே அனுப்பிவிடும் இந்தச் சிறிய கருவி, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழ் உரையோடு கணினி வேலை பார்ப்பவர்களின் கையில் இன்றும் புழங்குகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர் பட்டியலையும், ஆலய உபயகாரர் பெயர்களையும், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கட்டுரைகளையும் சீர்செய்ய எப்போதோ எழுதப்பட்ட செட் ஸ்கிரிப்டுகள் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணினி மாறும்போதோ, செட்டின் புதிய பதிப்பு வரும்போதோ, யாரேனும் நடுவில் ஒரு வரியைத் திருத்தும்போதோ, நேற்றுவரை சரியாக வந்த வெளியீடு இன்றும் அப்படியே வருகிறதா என்று பார்ப்பதுதான் பின்னடைவுச் சோதனை.

இச்சோதனைகளை ஷெல் ஸ்கிரிப்டாகவே, அதாவது கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் என்னும் நிரலுக்கான கட்டளைக் கோப்பாகவே, எழுதுவது வழக்கம். லினக்ஸில் பரவலாக உள்ள ஜிஎன்யூ செட்டின் மூலநிரலோடு வரும் சோதனைத் தொகுப்பிலும் ஷெல் ஸ்கிரிப்டுகள் ஏராளம். எழுத எளிது, எங்கும் ஓடும். ஆனால் ஒரு கட்டளை பிழையில் முடிந்தாலும் ஷெல் தன்போக்கில் அடுத்த வரிக்குப் போய்விடும். இதனால், நேர வேண்டிய தோல்வி வெளியே தெரியாமலே போவதுண்டு. காரணமின்றித் தோற்கும் சோதனையை எவரேனும் அன்றே கவனித்துத் திருத்திவிடுவார்கள். காரணமின்றித் தேறும் சோதனையை எவரும் திறந்து பார்ப்பதில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வெற்று வெளியீடும் தேறிவிடும்

இங்குள்ள இந்தியர்கள் பலரின் அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்று இருக்கும். அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரெம்புவான் (மகள்) என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. பெயர்ப்பட்டியலை அச்சுக்குக் கொடுக்குமுன் அதை நீக்குவதற்கு ஒருவர் செட்டில் ஒரு பதிலீட்டுக் கட்டளை எழுதுகிறார் என்று கொள்வோம். அக்கட்டளையின் பாகங்களைப் பிரிக்கும் குறியும் வழக்கமாகச் சாய்கோடுதான். நீக்க வேண்டிய சொல்லிலேயே சாய்கோடு இருப்பதால், தேட வேண்டியது ‘ஏ’ மட்டும் என்றும், அதன் இடத்தில் வைக்க வேண்டியது ‘எல்’ என்றும் செட் எடுத்துக்கொள்கிறது. பிறகு எஞ்சி நிற்கும் சாய்கோட்டை என்ன செய்வதென்று அறியாமல், பட்டியலின் ஒரு வரியைக்கூடப் படிக்காமல், 1 என்ற வெளியேறு குறியீட்டோடு (கட்டளை முடியும்போது தரும் எண்; சுழியம் என்றால் வெற்றி) நின்றுவிடுகிறது. வெளியீட்டுக் கோப்பு வெறுமையாகக் கிடக்கிறது. சோதனையோ, ‘வெளியீட்டில் ஏ/எல் இருக்கக்கூடாது’ என்பதை மட்டும், உரையில் சொற்களைத் தேடும் கிரெப் கொண்டு பார்க்கிறது. வெற்றுக் கோப்பில் எதுவும் இல்லை. ஆகவே சோதனை தேறிவிடுகிறது, பட்டியலில் ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை என்றாலும்.

பிரிக்கும் குறியாகச் செங்குத்துக்கோட்டையோ காற்புள்ளியையோ வைத்தால் கட்டளை சரியாகிவிடும். ஆனால் சோதனையின் குறை அதனால் தீர்வதில்லை. ஒன்று இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சோதனையைத் தனியே நம்பக்கூடாது. வர வேண்டிய முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, வந்த வெளியீட்டோடு முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டுவரை ஒப்பிட வேண்டும். அதோடு வெளியேறு குறியீட்டையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

குறியீட்டைப் பார்ப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. தவறான கட்டளையைக் கொடுத்து, செட் அதை மறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில், குறியீடு சுழியம் அல்லாததாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஜிஎன்யூ செட்டில் தவறான கட்டளைக்கு 1, உள்ளீட்டுக் கோப்பைத் திறக்க முடியாதபோது 2, படிப்பதிலோ எழுதுவதிலோ கோளாறு நேர்ந்தால் 4 என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. செட் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்றால் ஷெல் தரும் குறியீடு 127. நினைவகப் பிழையில் செட் சரிந்து விழுந்தால் லினக்ஸில் வழக்கமாக வருவது 139. இவையும் சுழியம் அல்லாதவையே! பிழையை நயமாகச் சொல்லி நிற்க வேண்டிய இடத்தில் கருவி சரிந்து விழுந்ததைத் தேர்ச்சி என்று எழுதிவைக்கும் சோதனையால் என்ன பயன்? எந்த எண் வர வேண்டுமோ அந்த எண்ணையே எழுதுங்கள். பிழைச் செய்தியின் சொற்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளலாம். அவை மொழி அமைப்புக்கும் பதிப்புக்கும் ஏற்ப மாறக்கூடியவை.

குறியீடு தொலையும் வழிகள்

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் குழாய் வழியே, செட்டின் வெளியீட்டை வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு அனுப்பினால், ஷெல் தருவது சார்ட்டின் குறியீடு. செட் தோற்றது எவருக்கும் தெரியாது. குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தெரிவிக்கும் பைப்ஃபெயில் தெரிவை இயக்கினால் இது தீரும். அது யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடம்பெற்றது என்பதால், பழைய ஷெல்களில் அதை எதிர்பார்க்க முடியாது. முதலில் செட்டின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதி, குறியீட்டைப் பார்த்துவிட்டு, அதன்பின் சார்ட் செய்வது எங்கும் செல்லும் வழி.

பிழை வந்ததும் நிறுத்தும் எர்எக்ஸிட் தெரிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவதும் தவறு. ‘இஃப்’ நிபந்தனைக்குள் இருக்கும் கட்டளைக்கு அது செயல்படாது. அந்நிபந்தனையிலிருந்து அழைக்கப்படும் ஒரு செயற்கூற்றின் உள்ளே நடக்கும் பிழைகளையும் அது பொருட்படுத்தாது.

இதைவிடப் பரவலானது தோல்வி எண்ணிக்கை தொலைந்துபோவது. சோதனைகளின் பட்டியலைக் குழாய் வழியே ஒரு வைல் சுழலுக்குள் அனுப்பி, தோற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறியைக் கூட்டிக்கொண்டே போய், இறுதியில் அந்த மாறியைக் கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள். பேஷ், டேஷ் என்னும் ஷெல்களில் அந்தச் சுழல் ஒரு துணை ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனிப் பிரதியில், ஓடுகிறது. சுழல் முடிந்ததும் அங்கே கூட்டிய எண்ணிக்கையும் அதோடு போய்விடுகிறது. திரையில் ‘தோல்வி’ என்று பத்து வரிகள் ஓடியிருந்தாலும் ஸ்கிரிப்ட் சுழியத்தோடுதான் முடியும். பட்டியலைக் குழாய்க்குப் பதிலாகக் கோப்பிலிருந்து சுழலுக்குத் திருப்பிவிட்டால் சிக்கல் இல்லை.

கடைசிப் புதுவரிக் குறி

வெளியீட்டை ஒரு மாறியில் வாங்கி, இன்னொரு மாறியோடு ஒப்பிடுவது பார்ப்பதற்குச் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் கட்டளையின் வெளியீட்டை மாறியில் வாங்கும்போது இறுதியில் இருக்கும் புதுவரிக் குறிகள் அனைத்தையும் ஷெல் வெட்டிவிடும். செட்டில் பெரிய எழுத்து ‘ஜி’ கட்டளை ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வெற்று வரியைச் சேர்க்கப் பயன்படுகிறது. கடைசி வரியில் மட்டும் அது தவறினாலும் மாறியை ஒப்பிடும் சோதனைக்குத் தெரியாது. புதுவரிக் குறி இல்லாமல் முடியும் கோப்பை ஜிஎன்யூ செட் அப்படியே, குறி சேர்க்காமல் வெளியிடும். இந்த நடத்தையையும் மாறி வழியாகச் சோதிக்கவே முடியாது. கோப்பையும் கோப்பையும் ஒப்பிடுங்கள், வேறுபாட்டைப் படிக்க டிஃப்பைப் பயன்படுத்துங்கள். சோதனை உள்ளீட்டை உண்டாக்க எக்கோவைத் தவிர்த்துப் பிரிண்ட்எஃப்பைக் கையாளுங்கள், ஏனெனில் பின்சாய்கோட்டை எக்கோ எப்படி நடத்தும் என்பது ஷெல்லுக்கு ஷெல் மாறும். செட் ஸ்கிரிப்டை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் டாலர் குறியை ஷெல் தனது மாறி என்று எண்ணி விழுங்கிவிடும், செட்டுக்கோ அது கடைசி வரி என்னும் பொருள் தருவது.

தமிழ் உரையும் லோக்கேலும்

லோக்கேல் என்பது மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் நிரல்களுக்குச் சொல்லும் அமைப்பு. தமிழோடு வேலை செய்பவர்கள் மிகுதியாகக் கவனம் செலுத்த வேண்டியது இங்கேதான். ‘கோலாலம்பூர்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது ஆறு எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிக்கும் மெய்ப்புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு; குறிப்புள்ளி எனப்படும் அத்தகைய எண்கள் அதில் 11. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளிக்கும் 3 பைட்டு என்பதால் 33 பைட்டுகள். எந்த ஓர் எழுத்தையும் குறிக்கும் முற்றுப்புள்ளிக் குறியை வைத்து, எல்லாவற்றையும் உடுக்குறியாக மாற்று என்று ஜிஎன்யூ செட்டிடம் சொன்னால், யூடிஎஃப்-8 லோக்கேலில் 11 உடுக்குறிகளும், பைட்டு பைட்டாகப் பார்க்கும் சி லோக்கேலில் 33 உடுக்குறிகளும் வரும். ஆறு எந்த அமைப்பிலும் வராது. ஆகவே எதிர்பார்ப்புக் கோப்பை எழுதுபவர் தமிழ் இலக்கணத்தின் எழுத்தை மனத்தில் வைத்து எழுதினால் சோதனையே தவறாகும்.

லோக்கேலைச் சோதனைக்குள் வெளிப்படையாக அமைக்காமல் விடுவது ஒரு தவறு. அமைத்துவிட்டு, அது அந்தக் கணினியில் இருக்கிறதா என்று பாராமல் விடுவது அதனினும் கெட்டது. லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சி தமிழுக்குத் தரும் லோக்கேல்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியவை. மலேசியத் தமிழுக்கென்று ஒன்று அதில் இல்லை. நாட்டின் பெயரைச் சேர்த்துத் தாமாகவே ஒரு லோக்கேல் பெயரை எழுதிவிட்டால், செட் எந்த எச்சரிக்கையும் தராமல் சி லோக்கேலுக்கு இறங்கிவிடும். அதன்பின் குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தேடி மாற்றும் சோதனைகள் பைட்டு நிலையிலேயே பொருந்திவிடுவதால் வழக்கம்போலத் தேறும். தமிழ் ஆதரவு சோதிக்கப்பட்டது என்று அனைவரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆகவே தொகுப்பின் தொடக்கத்திலேயே அந்த 11க்கும் 33க்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு லோக்கேல் உண்மையில் நடைமுறைக்கு வந்ததா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வரவில்லை என்றால், நிரல்களைத் தொகுக்க உதவும் ஆட்டோமேக் கருவியின் மரபுப்படி 77 என்ற குறியீட்டோடு வெளியேறி, சோதனை தவிர்க்கப்பட்டதாகப் பதிவு செய்யலாம். தவிர்க்கப்பட்டவற்றின் பெயர்களை அறிக்கையில் காட்டுவது கட்டாயம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘கோ’வில் வரும் ஓகார உயிர்க்குறியை ஒரே குறிப்புள்ளியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிப்புள்ளிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. செட்டுக்கு அவை வெவ்வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வடிவம் தென்படுவதுண்டு. இரு வடிவங்களையும் உள்ளீட்டில் வைக்காத சோதனை பாதி வேலையைத்தான் செய்கிறது.

கோப்பை இருந்த இடத்திலேயே திருத்துதல்

‘மைனஸ் ஐ’ தெரிவு போசிக்ஸ் தரநிலையில் இல்லை. ஜிஎன்யூ செட்டில் காப்புப்பிரதியின் பின்னொட்டு அந்தத் தெரிவோடு ஒட்டியே வர வேண்டும், இல்லாமலும் இருக்கலாம். மேக்ஓஎஸ் செட்டில் பின்னொட்டு கட்டாயம். ‘மைனஸ் ஈ’ என்பது அடுத்து வருவது செட் கட்டளை என்று சொல்லும் தெரிவு. லினக்ஸில் எழுதிய ‘மைனஸ் ஐ, மைனஸ் ஈ’ என்ற தொடரை மேக்கில் ஓட்டினால், ‘மைனஸ் ஈ’ என்பதையே பின்னொட்டாகக் கொண்ட ஒரு காப்புக்கோப்பு அடைவில் (கோப்புறையில்) சேர்ந்துவிடும். மூலக்கோப்பின் உள்ளடக்கம் சரியாக இருப்பதால் சோதனை தேறும். ஒவ்வொரு சோதனையையும் எம்கேடெம்ப் கட்டளை உண்டாக்கும் தனித் தற்காலிக அடைவில் ஓட்டி, முடிவில் அடைவிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலையும் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டால் இது பிடிபடும். ஜிஎன்யூ செட் புதிய கோப்பை எழுதிப் பழையதன் பெயரை அதற்குச் சூட்டுவதால், இன்னொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்பாக இருந்த பெயர் சாதாரணக் கோப்பாகிவிடும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

எந்தச் செட்டைச் சோதிக்கிறோம் என்பதிலும் தடுமாற்றம் நேர்கிறது. புதிதாகத் தொகுத்த செட் ஒரு அடைவில் இருக்க, ஸ்கிரிப்ட் கணினியில் ஏற்கெனவே உள்ள பழைய செட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். முழுப் பாதையை ஒரு மாறியில் வைத்து அழைப்பதே நல்லது. மறுபுறம், வெளியீட்டைச் சீராக்கும் துணை வேலைகளுக்குச் சோதனைக்குரிய அதே செட்டைப் பயன்படுத்தக்கூடாது. அதன் பிழை எதிர்பார்ப்பிலும் வெளியீட்டிலும் ஒருசேரப் புகுந்து, இரண்டும் பொருந்திவிடும்.

டாக்கர் என்னும் தனித்த சூழலுக்குள், எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனராக ஓட்டும் சோதனைகளில் அனுமதி மறுப்பு நிகழாது என்பதால், படிக்க அனுமதியில்லாத கோப்பைப் பற்றிய சோதனைகளுக்குச் சாதாரணப் பயனர் ஒருவர் தேவை. முடிவில்லாத சுழலில் மாட்டக்கூடிய ஸ்கிரிப்டுகளை குறித்த நேரத்தில் நிறுத்திவிடும் டைம்அவுட்டுக்குள் ஓட்டுங்கள். எதிர்பார்ப்புக் கோப்புகளை ஒரே கட்டளையில் புதுப்பிக்கும் வசதி இருந்தால், புதுப்பித்தபின் வேறுபாட்டை மனிதர் ஒருவர் வரி வரியாகப் படித்த பிறகே, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்க்க வேண்டும். இல்லையேல் நேற்றைய பிழை இன்றைய எதிர்பார்ப்பாகிவிடும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972 முதல் சில்லு வேலை நடக்கிறது. அத்துறையில் சோதனைக் கருவியைச் சரிபார்க்க, பழுது என்று முன்பே தெரிந்த சில்லை அதில் வைத்து, கருவி அதைத் தள்ளுகிறதா என்று பார்க்கும் முறை உண்டு. நமக்கும் அது பொருந்தும். எதையும் செய்யாமல் சுழியத்தோடு முடியும் ஒரு பொய்ச் செட்டையும், உள்ளீட்டை மாற்றாமல் அப்படியே திருப்பித் தரும் இன்னொரு பொய்ச் செட்டையும் சில வரிகளில் எழுதி, மாறியில் உள்ள பாதையை அவற்றுக்கு மாற்றி, முழுத் தொகுப்பையும் இருமுறை ஓட்டுங்கள். முதல் பொய்ச் செட்டில் தேறும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். இரண்டாவதில் தேறுபவற்றுள் சில முறையானவையே. மாற்றம் நிகழக்கூடாத உள்ளீட்டைப் பற்றிய சோதனைகள் அவை. அத்தகைய ஒவ்வொன்றின் அருகிலும், அதே கட்டளை மாற்றியே தீர வேண்டிய இன்னொரு வரியை உள்ளீட்டில் சேர்த்துவிட்டு, தொகுப்பை மறுபடியும் அந்தப் பொய்ச் செட்டுகளைக் கொண்டே ஓட்டிப் பாருங்கள்.